சிவப்புக் கயிறு கட்டிய பெட்டி

கோகிலம் மிஸ் இறந்த செய்தி வந்தபோது நெடுங்கேணிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவரின் தங்கை போனில், "அண்ணை, அக்கா எங்களை விட்டிட்டுப் போயிட்டா" என்றாள். பொறுக்கியதைத் திரும்பக் கொட்டிவிட்டு வந்தேன். நல்ல காய்கள், விதை முற்றாதவை. வாங்க மனம் வரவில்லை.

முப்பத்தோராம் நாளில் அவர் நினைவாகக் கொடுக்கும் இந்தக் கல்வெட்டுப் புத்தகத்துக்கு என்னிடமும் நாலு வார்த்தை கேட்டார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். கோபத்தையும் விடாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

மிஸ் எங்கள் ஆஸ்பத்திரி நூலகர். நான் அந்த அறையைக் கூட்டித் துடைத்தவன். மாதம் ஒருமுறை மற்ற ஆஸ்பத்திரி நூலகர்களுக்கு அவர் ஒரு பக்கம் எழுதி அனுப்புவார். வைத்தியத்தில் எது மாறியது, எந்தப் பழைய தாளைச் சுவரிலிருந்து எடுக்க வேண்டும் என்பதுதான் அதில் இருக்கும். வவுனியா நூலகர் ஒருவர் போனில் பகிடி விடுவார்: "என்ன மிஸ், புதுப் புத்தகம் வந்ததைச் சொல்லாமல் குப்பை பொறுக்கச் சொல்லுறியள்?"

"புதுசு தானா வரும். பழசை ஆரும் போய்க் கழட்டினாத்தான் போகும்" என்பார் மிஸ்.

அது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. என் தம்பியை வயலில் புடையன் பாம்பு கடித்த நேரம் நான் மாடு தேடிப் போயிருந்தேன். அந்தச் சிவலைக்குக் குளக்கட்டைத் தாண்டினால் வீடு மறந்துவிடும். அதை விடுவோம். கூட நின்றவர்கள் கிளினிக் சுவரில் பார்த்த படத்தின்படி காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். ஆஸ்பத்திரி சேர்வதற்குள் கால் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

கட்டக்கூடாது என்று முறை மாறி எத்தனையோ காலம். மிஸ் வார்ட்டுக்கு வந்து கட்டிலடியில் நின்றார். "அந்தத் தாள் என்ர அறையிலயிருந்து போனது. புதுசை அனுப்பினனான். பழசைக் கழட்டினவையோ எண்டு போய்ப் பாக்கேல்லை."

"அப்ப என்ர காலுக்கு உங்களிட்டைத்தான் வரவேணும் மிஸ்" என்று தம்பி சிரித்தான். மிஸ் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து என் மோட்டார் சைக்கிளில் ஏறி, முள்ளியவளை வரைக்கும் கிளினிக் கிளினிக்காகப் போனார். குசினியில் தோசை புரட்டும் தட்டகப்பையால் தானே சுரண்டித் தாள்களை எடுத்தார். எரிப்போம் என்றேன்.

"வேண்டாம். நாங்கள் விட்ட பிழைக்குச் சாட்சி வேணும்." எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு, சிவப்புக் கயிறு கட்டி, 'கொடுக்கக்கூடாது' என்று எழுதி வைத்தார். நூலகர் புத்தி அது. எதையும் எறியாது.

அவர் ஓய்வு பெற்றதும் வேறு நூலகரைப் போடவில்லை. அறையைக் கூட்டம் வைக்கிற இடமாக்கினார்கள். "எல்லாம் இப்ப போனில இருக்குத்தானே அம்மா" என்றார் ஓர் அதிகாரி.

"போனில பழசும் கிடக்குது தம்பி. அதை ஆர் கழட்டுறது?"

அந்தப் பெட்டியையாவது தாருங்கள் என்று மிஸ் மூன்று தடவை வந்து வெயிலில் நின்றார். அறைப் பூட்டின் திறப்பு அப்போது என்னிடம் இல்லை. திறப்பு வைத்திருந்தவர்களுக்கு நேரம் இல்லை.

செத்தவீட்டில் அதே அதிகாரி பெரிய மாலை போட்டு, மிஸ்ஸை அறிவு விளக்கு என்று பேசினார். அணைத்தவரே விளக்கைப் புகழ்ந்தார். நான் கிட்டப் போய், "ஐயா, சிவப்புக் கயிறு கட்டின பெட்டி எங்கை?" என்று கேட்டேன்.

"அதுவோ? வீணாக்கக் கூடாதெண்டு கிளினிக்குகளுக்குப் பிரிச்சுக் குடுத்திட்டம்."

பறைச் சத்தத்துக்குள்ளும் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்.

மறுநாள் தம்பியை ஏற்றிக்கொண்டு முதல் கிளினிக்குக்குப் போனேன். சுவரில் அதே தாள். சுரண்டத் தொடங்கினேன். தாதிப்பிள்ளை ஓடிவந்து, "ஆரைக் கேட்டுக் கழட்டுறியள்?" என்றாள்.

தம்பி இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை உயர்த்திக் காலைக் காட்டினான். "இதைக் கேட்டு, பிள்ளை."

மிஸ்ஸின் நினைவாக என்ன வேண்டும் என்று தங்கை கேட்டபோது தட்டகப்பையைத்தான் கேட்டு வாங்கினேன். எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் காலில் கயிறு கட்டிய படம் தெரியும். முள்ளியவளை வரைக்கும் இன்னும் சுவர்கள் இருக்கின்றன. இந்த முறை எரிக்கிறேன், மிஸ் கோபித்துக்கொண்டாலும்.