அண்ணை சுற்றிய பாட்டு

போன சனிக்கிழமை பிடில் வகுப்பில் என் மருமகள் தாரணி முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் எழும்பி நின்று வயலினைத் தாடைக்கடியில் வைத்தாள். ஸ்கொட்லாந்து நாட்டு ஆட்டப் பாட்டு ஒன்றை வாசிக்கத் தொடங்கினாள். கல்யாண வீட்டில் கையைக் கோத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடுகிற பாட்டு அது. கேட்டால் கால் சும்மா நிற்காது.

இவள் வாசித்ததோ செத்த வீட்டு வேகத்தில்...

இரண்டு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தாளம் போடக் காலைத் தூக்கிய ரீச்சர் பியோனா, எப்போது வைப்பது என்று தெரியாமல் காலை மெல்லக் கீழே இறக்கினாள். பிறகு மண்டபத்தின் பின்பக்கம் தேநீர்க் கோப்பையோடு நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். போன வருஷம் பறந்து பறந்து வாசித்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்கிற பார்வை.

நான் நிலத்தைப் பார்த்தேன். வேறென்ன செய்ய? அவளுக்கு விளக்க என் இங்கிலீஷ் காணாது. உங்களுக்கென்றால் சொல்லலாம்.

தாரணி என் அண்ணையின் ஒரே மகள். பதினாலு வயது. மூன்று வருஷத்துக்கு முன்பு அண்ணையும் மச்சாளும் யாழ்ப்பாணத்தில் தாங்கள் நின்றுகொண்டு, பிள்ளையை மட்டும் எப்படியோ என்னிடம் அனுப்பிவைத்தார்கள். அங்கே நாலு வருஷம் வயலின் பழகியவள். இங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு வயலினை இரவல் கொடுத்தார்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பாள். என்னோடு பேசுவதைவிட அதோடு பேசியதுதான் கூட.

போன வருஷம் ஈஸ்டர் லீவு வந்தது. எனக்கோ வயோதிபர் இல்லத்து லோண்டரியில் பகல் ஷிப்ட். பிள்ளையை வீட்டில் தனியே விட மனமில்லை. வால்தம்ஸ்டோ நூலகத்தில் ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டது. இளம் பிள்ளைகளுக்கு ஒரு கிழமை பிடில் பயிற்சி, காலை பத்திலிருந்து நாலு மணி வரை, இலவசம்! நாங்களும் வயலினைப் பிடில் என்பவர்கள்தானே? முன்னால் ஸ்கொட்டிஷ் என்று கிடந்த சொல்லை நான் பெரிதாக எடுக்கவில்லை. லண்டனில் எதற்குத்தான் முன்னால் ஒரு சொல் இல்லை?

முதல் நாள் மண்டபத்துக்குள் போனதும் இவள் சப்பாத்தைக் கழற்றி வைத்தாள். நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தாள். வயலின் தலையைக் காலில் ஊன்றி, சுருதி சேர்க்கத் தொடங்கினாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் நின்றபடி இவளைக் குனிந்து பார்க்கிறார்கள். எனக்கு மானம் போய்விட்டது.

பியோனாவுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். செம்பட்டைத் தலை, காலில் பெரிய பூட்ஸ். அந்தப் பூட்ஸால் நிலத்தில் டக் டக் என்று உதைத்துத்தான் தாளம் போடுவாள். எங்கள் சங்கீத வாத்தியார் யாராவது கண்டிருந்தால் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பார். அவள் தாரணியைப் பார்த்துச் சிரித்தாள். "அப்படியே இருந்து வாசி" என்றாள்.

அங்கே புத்தகம் இல்லை, தாள் இல்லை. ரீச்சர் ஒரு வரி வாசிப்பாள், பிள்ளைகள் கேட்டுத் திருப்பி வாசிக்க வேண்டும். புத்தகம் பார்த்தே பழகிய வெள்ளைக்காரப் பிள்ளைகள் தடுமாறினார்கள். எங்கள் ஆளுக்கு அது தண்ணி பட்ட பாடு. நாங்கள் பாட்டுப் பழகுவதே அப்படித்தானே? மூன்றாம் நாள் பார்த்தால் தானும் எழும்பி நின்று முன் வரிசையில் வாசிக்கிறாள்.

அந்தக் கிழமையில் இரண்டு பாட்டுப் பழக்கினார்கள். ஒன்று நான் சொன்ன ஆட்டப் பாட்டு. மற்றது மிக மெதுவானது. கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர்களை நினைத்துக் கரையில் நிற்பவர்கள் வாசிக்கிறது என்று பியோனா சொன்னாள். கடைசி நாள் அதைத் தாரணி வாசித்தபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த கிழமை நோர்பரியில் தெரிந்த ஒருவர் கொழும்புக்குப் போக இருந்தார். ஒரு கசெற் கொடுத்துவிட்டால் கை மாறிக் கை மாறி அண்ணையிடம் போய்ச் சேரும். குசினி மேசையில் ரேப் ரெக்கோடரை வைத்தேன். அங்கேதான் சண்டை தொடங்கியது.

"மாமி, மெதுவான பாட்டைத்தான் அப்பாக்கு அனுப்பப் போறன்."

"உனக்கென்ன விசரே? உயிரோட இருக்கிற மனுசனுக்கு ஒப்பாரி அனுப்புறதோ?"

"அது ஒப்பாரி இல்லை மாமி..."

"வேறென்ன? போனவை வரேல்லை எண்டு அழுகிற பாட்டு. கேக்கவே பயமாக் கிடக்கு. ஆடுற பாட்டை வாசி. கொப்பர் சந்தோசப்படுவார்."

"நான் இஞ்ச சந்தோசமா இருக்கிறன் எண்டெல்லோ நினைச்சிடுவார்?"

"நினைக்கட்டுமே! அதுக்குத்தானே உன்னை அனுப்பினவர்!"

அவள் வயலினை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டப் பாட்டை வாசித்தாள். நான் பட்டனை அமத்தினேன். சகுனம் பார்த்துச் சாதித்துவிட்ட திருப்தி எனக்கு.

ஆறு மாதம் கழித்து அண்ணையின் கடிதம் வந்தது.

"பிள்ளையின்ரை பாட்டுக் கேட்டம். இப்பிடி நெஞ்சை உருக்கிற மாதிரி வாசிக்க ஆர் பழக்கினது? நானும் இவளும் அழுதுபோட்டம். பிள்ளை எங்களை நினைச்சு ஏங்குறாள் எண்டு விளங்குது. எங்களுக்கும் அப்பிடித்தான் எண்டு அவளுக்குச் சொல்லு."

எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. ஆட்டப் பாட்டுக்கு யாராவது அழுவார்களா? கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. "கறண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு டைனமோவிலதான் கேக்கிறம்."

அதுதான் சங்கதி! இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். சண்டையால் அங்கே மின்சாரம் நின்று எவ்வளவு காலம். பற்றரி கொண்டுபோக ஆமி விடுவதில்லை. சைக்கிளைத் தலைகீழாக வைத்து, டைனமோ வயரை ரேப் ரெக்கோடரில் கொழுவி, பெடலைக் கையால் சுற்றுவார்கள். கை வேகமாகச் சுற்றினால் பாட்டு வேகமாக வரும். கை களைத்தால் பாட்டும் களைத்துவிடும். இந்தப் பத்திரிகையில், இதே பத்தியில், நானே இரண்டு தடவை இதை எழுதியிருக்கிறேன். கசெற் அனுப்பும்போது நினைவுக்கு வந்ததா? இல்லையே.

நான் தடுத்த ஒப்பாரி, சைக்கிள் சில்லில் ஏறி எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது.

தாரணி அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தாள். "அப்பாக்கு விளங்கிட்டுது மாமி" என்றாள். அன்றைக்குப் புட்டை இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அத்தோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தேனா? பிள்ளை இங்கே அழுதுகொண்டு கிடக்கிறாள் என்று அண்ணை நினைத்துவிட்டாரே என்று எனக்கு நெருப்பில் நிற்கிற மாதிரி. உடனே இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். "அண்ணை, அது ஆட்டப் பாட்டு. மெதுவாக் கேட்டது உங்கட டைனமோ செய்த வேலை. பிள்ளை இஞ்ச நல்ல சந்தோசம். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

"மாமி, அதை அனுப்பாதேங்கோ. ப்ளீஸ்."

"பிழையா விளங்கினதைத் திருத்தத்தானே வேணும் பிள்ளை?"

"அவர் பிழையா விளங்கேல்லை."

கேட்டேனா? முத்திரையை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை பார்த்தேன்.

எங்கள் சனத்துக்கு இது ஒரு வியாதி. நாங்கள் இங்கே சுகம் என்று அங்கே எழுதுவோம். நாங்கள் இங்கே சுகம் என்று அங்கேயிருந்தும் எழுதுவார்கள். இரண்டு பக்கமும் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் பேனையை எடுக்கிறது. அண்ணைக்கு ஒரு வருஷமாக நெஞ்சு நோ இருந்தது. அதை ஒரு கடிதத்திலாவது எழுதினாரா?

தை மாதம் கொழும்பிலிருந்து ரெலிபோன் வந்தது. அண்ணை போய்விட்டார். செய்தி எங்களிடம் வரும்போது அங்கே எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. நாங்கள் பிந்தித்தான் அழுதோம்.

தாரணி சத்தம் போட்டு அழவில்லை. வயலினைப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். ஒரு நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமி, உங்கட கடிதம் அப்பாக்குக் கிடைச்சிருக்குமோ?"

"தெரியாது பிள்ளை" என்றேன்.

அந்தக் கேள்வியோடு இரண்டு மாதம் இருந்தேன். பிள்ளை ஏங்குகிறாள் என்று தகப்பனுக்கு விளங்கியிருந்தது. தகப்பனுக்கு விளங்கியது என்று பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. அது இரண்டையும் பொய் ஆக்குகிற கடிதத்தை நான் அல்லவோ எழுதியிருந்தேன்? அதை வாசித்துவிட்டு, 'ஓ, பிள்ளைக்கு எங்கள் நினைப்பே இல்லைப் போல' என்று அவர் கண்ணை மூடியிருந்தால்? தபால் போகிற நாளை விரல் விட்டு எண்ணிப் பார்ப்பேன். முடிவு கிடைக்காது. வேலையில் துவாய் மடிக்கும்போதும் அதே எண்ணம். கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்கலாம் என்றால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம்.

போன மாதம் மச்சாளின் கடிதம் வந்தது. தாரணியைப் பக்கத்தில் இருத்தி நானே வாசித்தேன்.

"பின்னேரத்தில ஒவ்வொரு நாளும் சைக்கிளைக் கவிழ்த்துப் போடுவார். நெஞ்சு நோவோட ஏன் கரைச்சல்படுறியள், பக்கத்து வீட்டுக்காரர் சுத்தித் தாறன் எண்டுறார் எண்டாலும் விடார். 'என்ரை பிள்ளையின்ரை பாட்டை நான்தான் சுத்துவன்' எண்டுவார். கடைசி நாளுகளில கை ஏலாமல் போச்சு. பாட்டு இழுத்து இழுத்து வரும். அதுதான் நல்லாக் கிடக்கு எண்டு சொல்லிச் சொல்லிக் கேட்டவர்."

நான் அந்த வரியோடு நிறுத்திவிட்டேன். தாரணி கடிதத்தை வாங்கி மிச்சத்தைத் தானே வாசித்தாள்.

"நீங்கள் போட்ட கடிதம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடுத்த நாள்தான் வந்தது. அவரின்ரை பேர் போட்டிருந்தபடியால் உடைக்காமல் படத்துக்குப் பின்னால வைச்சிருக்கிறன். திருப்பி அனுப்பவோ?"

அவள் கடிதத்தை மடித்து என் கையில் தந்தாள். மேலே போனாள். கட்டிலுக்குக் கீழேயிருந்து பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. குசினியில் நின்றபடி நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

இதெல்லாம் பியோனாவுக்கு எப்படித் தெரியும்? பாட்டு முடிந்ததும் அவள் தாரணிக்குப் பக்கத்தில் வந்தாள். கோபம் இல்லை, ஆச்சரியம்தான். இந்தப் பாட்டை இந்த வேகத்தில் வாசிக்க யார் பழக்கியது என்று கேட்டாள்.

"மை டாட்" என்றாள் தாரணி.

பியோனா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள், அதே வேகத்தில். சிரித்த பிள்ளைகளும் தங்கள் வயலினை எடுத்தார்கள். அந்தப் பெரிய பூட்ஸ் இந்த முறை எழும்பி எழும்பி மெதுவாக விழுந்தது. யாழ்ப்பாணத்து முற்றத்தில் அண்ணை களைத்துக் களைத்துச் சுற்றிய வேகத்தில் முப்பது பிள்ளைகள் வாசித்தார்கள்.

மச்சாளுக்குப் பதில் எழுதிவிட்டேன். என் கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம், உடைக்கவும் வேண்டாம், அடுப்பில் போடுங்கோ என்று.

நேற்று ஆர்ச்வே கோவிலில் ஒரு தேங்காயும் உடைத்தேன். ஊருக்குப் போட்ட கடிதம் போய்ச் சேர வேண்டும் என்று நேர்த்தி வைக்காத ஆள் எங்களில் இல்லை... பிந்திப் போனதற்கு நன்றி சொல்லி உடைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.