வளையல் துண்டோடு வந்த பயணி

நாவுலயிலிருந்து மாத்தளைக்கு வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் காதில் தோடு இல்லை, கையில் வளையலும் இல்லை. மடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பஸ் குலுங்கும்போதெல்லாம் அதன் மூடியை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

"உடையுற சாமானா, மிஸ்?" என்று கேட்டேன்.

"செம்பு வளையல் துண்டு, நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார். "ஆதிகாலத்துப் புதைகுழியில எடுத்தது." தொல்லியல் ஆராய்ச்சி செய்கிறவராம். "செம்புக்குள்ள கொஞ்சம் ஈயம் இருக்கும். அதைச் சோதிச்சா எந்தச் சுரங்கத்துச் செம்புன்னு பார்க்கலாம். இங்கேயே எடுத்ததா, கடல் தாண்டி யாவாரத்துல வந்ததான்னு தெரியும். ஆனா அந்தச் சோதனைக்குத் துளை போட ஒரு தடவைதான் விடுவாங்க."

என் தொழிலைக் கேட்டார். மாத்தளையில் பழைய செம்பு, பித்தளை உருக்கி விளக்கு வார்க்கிறேன் என்றேன். உடனே பெட்டியை என்னிடமிருந்து தள்ளி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார்.

"ஒவ்வொண்ணையும் தனியா உருக்குவீங்களா?"

"எங்கங்க! உடைஞ்ச குடம், வயர், எல்லாம் ஒரே மூசையில, உருக்குற மண்சட்டியிலதான்" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "இதைச் செஞ்ச ஆளும் அப்படிக் கலந்திருந்தா இது எந்த ஊரையும் காட்டாது, நானா. அதை நெனச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்ல."

மாத்தளையில் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கிப் போனார். சோதனையில் என்ன தெரிந்ததோ, எனக்குத் தெரியாது.

இப்போதும் மூசையில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் போடுகிறேன். என்றோ ஒருநாள் என் விளக்கைத் தோண்டி எடுக்கும் யாரோ ஒருவருக்குத் தூக்கம் கெடப்போகிறது என்று தெரிந்தேதான் போடுகிறேன்.