மயில்கழுத்துக் கத்தி

கத்தி எவ்வளவு பளபளக்கிறதோ அவ்வளவு கூர்மை என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தவன் நான். சிரிக்காதீர்கள், மீதியையும் கேளுங்கள்.

போன வாரம் அம்பத்தூரில் ஒரு குளுகுளு சலூன். அரை பிளேடை ஒடித்து பிளாஸ்டிக் பிடியில் செருகினார்கள். சவர சோப்பின் வாசனை மட்டும் மாறவில்லை. அது மூக்கில் ஏறியதும் ஆவடி குவார்ட்டர்ஸின் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

எண்பதுகளின் கடைசி. தொழிற்சாலையில் எனக்கு பெயிண்ட் பிரிவு. இரும்பை மூடிவைப்பதே உத்தியோகம்; அதன் குணம் எனக்கெங்கே தெரியும்? ஆனாலும் பழைய சவரக்கத்திகளைப் புதுப்பிக்கும் கிறுக்கு பிடித்திருந்தது. மடக்கினால் கைப்பிடிக்குள் ஒளிந்துகொள்ளுமே, அந்தக் கத்திகள். காயலான் கடையில் துருவோடு கிடப்பதை வாங்கிவந்து, பழைய கிரைண்டர் மோட்டாரில் துணிச்சக்கரம் மாட்டி மெருகேற்றி அலமாரியில் அடுக்குவேன். ஒருவருக்கும் சவரம் செய்ததில்லை. கத்திகள் அலமாரியில் இருந்தவரைக்கும் நான் நிபுணன்தான்.

எதிர்வீட்டு செபாஸ்டின்தான் கெடுத்தான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலமான அப்பாவின் கத்தியோடு வந்து நின்றான்.

“மாமே, நைனா கத்தி. கல்யாணத்தன்னிக்கு இதுலதான் மூஞ்சி வழிச்சிக்கணும். நீதான் வழிச்சி உடணும்.”

“செஞ்சிட்டாப் போச்சு,” என்றது என் வாய். என்னைக் கேட்டுப் பேசும் வழக்கம் அதற்குக் கிடையாது.

நண்பனின் கத்தியாயிற்றே என்று சக்கரத்தில் வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். தொட்டால் சுட்டது. ஓரத்தில் மயில்கழுத்து நிறம் ஓடியது. என்ன அழகு என்று மனைவியிடம் காட்டினேன்.

“உங்க மூஞ்சிய வழிச்சாலே ரெண்டு எடத்துல பஞ்சு ஒட்டிக்கிட்டு வர்றீங்க. அந்தப் புள்ள பத்து மணிக்கு சர்ச்சுல நிக்கணும்,” என்றாள்.

அப்போது பிடித்தது உதறல். விரலால் தடவிப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் அவ்வளவு பளபளக்கும் கத்தியில் எவனாவது விரல் வைப்பானா? கல்யாணத்தன்று காலை அதைத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். ஒரு பாக்கெட்டில் பஞ்சு, இன்னொன்றில் படிகாரம். தையல் போடும் டாக்டர் ஊரில் இருக்கிறாரா என்றும் விசாரித்து வைத்திருந்தேன்.

செபாஸ்டின் முகம் முழுக்க நுரையோடு கழுத்தை நீட்டினான். கத்தியை விரித்து அவன் கன்னத்தில் வைத்தேன்.

“இன்னா மாமே, நீ கண்ண மூடிகினு கீறே? மூட வேண்டியவன் நானு.”

ஓர் இழுப்பு. நுரை வந்தது. இன்னோர் இழுப்பு. மறுபடியும் நுரைதான். தாடி ஒரு முடி குறையாமல் நின்றது. செபாஸ்டின் கத்தியை வாங்கி உள்ளங்கையில் இழுத்துப் பார்த்தான், கோடுகூட விழவில்லை. சக்கரத்தின் சூட்டில் எஃகின் உயிரைப் போக்கியிருந்தேன்; நான் அழகென்று காட்டிய மயில்கழுத்து நிறம்தான் அதற்கு அடையாளம். அதற்குப் பிறகு எந்தச் சாணையிலும் அது மீளவில்லை.

அவன் கத்தியில் இருந்த நுரையைத் துண்டால் துடைத்து மடக்கினான். இதற்கு ரத்தமே வந்திருக்கலாம் என்று தோன்றியது எனக்கு.

“நைனா இன்னிக்கு எங்கூட இருக்கணும்னுதான் கேட்டேன்,” என்றான். “உடு. வேற வேல குடுத்துக்கலாம்.” பிளேடு ரேசரை எடுத்துத் தானே வழித்துக்கொண்டான்.

என் கிறுக்கு அன்றோடு தெளிந்தது. மோட்டார் காயலான் கடைக்கே போயிற்று. அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையையும் இடித்துவிட்டார்கள். பின்கட்டு இருந்த இடத்தில் இப்போது முள்செடி. செபாஸ்டின் ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் பேரனோடு இருக்கிறான்.

அன்று சாயங்காலம் ரிசப்ஷனில் அவனும் மணப்பெண்ணும் கேக் வெட்டியது அந்தக் கத்தியால்தான்.