ஈரலுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

பாண்டியனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டான். அண்ணாந்து விளக்குகளைப் பார்ப்பான். பெண் பார்க்கப் போன வீட்டிலேயே கூடத்து டியூப்லைட் மினுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டு, ஸ்டார்ட்டரைத் திருகிச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தானாம். அதைப் பார்த்துத்தான் சம்மதித்தேன் என்று அவன் மனைவி காந்தா இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறாள். அவள் சொல்வதை நாம் முழுதாக நம்ப வேண்டியதில்லை. பாண்டியன் நம்புகிறான், அது போதும்.

சொந்த ஊர் திருப்புட்குழி. அப்பா நெல் போட்டார். பிள்ளைக்குச் சேற்றைவிட சீரியல் பல்பில்தான் மனசு. பெரிய காஞ்சிபுரத்தில் கடை பிடித்து லைட்செட் வைத்தான். கல்யாணம், காதுகுத்து, சாமி புறப்பாடு எதுவானாலும் தெருவுக்குத் தோரண விளக்குப் போடுவது அவன்தான். கொஞ்சம் வாய்க்காரன், கொஞ்சம் பிடிவாதக்காரன். தங்கை ரேவதி என்று வந்துவிட்டால் இரண்டும் எங்கே போகுமோ தெரியாது.

அந்த ரேவதிக்குப் பிறந்த பெண் ஜீவிதாவுக்குப் பிறந்ததிலிருந்தே கண்ணில் மஞ்சள். காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்றார்கள். காட்டினார்கள், போகவில்லை. குழந்தைக்குப் பித்தக்குழாய் சரியாக அமையவில்லை, கல்லீரல் கெட்டுக்கொண்டே வருகிறது, யாராவது தன் ஈரலில் ஒரு துண்டு கொடுத்தால்தான் பிழைக்கும் என்று சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போது குழந்தை இன்னும் நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. பட்டுக்கடையில் வேலை பார்க்கும் குழந்தையின் அப்பா பிரேம்நாத்துக்கு ரத்தவகை சேரவில்லை. ரேவதியின் ஈரலில் கொழுப்பு. பாண்டியனைப் பரிசோதித்தார்கள். எல்லாம் பொருந்தியது.

காந்தா சில நாள் அவனோடு பேசவில்லை. அப்புறம் சோறு போடும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அறுத்துக் குடுத்தா திரும்பி வளருமாமே, நெஜமா?"

"வளருமாம்."

"அப்ப சரி," என்றாள். அவனுடைய துணிப்பையை அவளே அடுக்கினாள். அடுப்படிக்குப் போய் அழுதது அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டான்.

தாய்மாமன் என்பது சட்டத்தின் கணக்கில் நெருங்கிய சொந்தம் இல்லையாம். அதனால் ஒரு குழுவின் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்கள், இல்லை என்றான். "பின்ன எதுக்குக் குடுக்கறீங்க?" என்றார் ஒருவர். பாண்டியன் கேள்வியே புரியாதவன் மாதிரி அவரைப் பார்த்தான். "நான் தாய்மாமன் சார்," என்றான். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் தமிழர்கள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. எழுந்து நடக்கலாம் என்று சொன்ன உடனே, வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு, குழந்தை இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனான். அன்றைக்கு மட்டும் அவன் அண்ணாந்து பார்க்கவில்லை. குழந்தையின் வயிற்றில் ஒட்டியிருந்த ஒரு சின்னப் பட்டையைப் பார்த்தான். அதன் ஓரத்தில் சிவப்பாக வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது.

"இன்னா சிஸ்டர் இது, வயித்துக்கு லைட்டு?"

குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் ஷாரோன் அரக்கோணத்துப் பெண். கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற ரகம்.

"புது ஈரலுக்கு ரத்தம் போற கொழாய் ரொம்ப மெல்லிசுண்ணா. அது அடைச்சிக்கிச்சுனா ஈரலுக்கு ஆக்சிஜன் போவாது, ஈரல் செத்துடும். அதான் எங்களுக்குப் பெரிய பயம். இந்தப் பட்டையில இருந்து வர்ற வெளிச்சம் தோலைத் தாண்டி ஈரல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரும். ஆக்சிஜன் இருக்கிற ரத்தம் ஒரு மாதிரி வெளிச்சத்த உறிஞ்சும், இல்லாத ரத்தம் வேற மாதிரி உறிஞ்சும். எவ்ளோ திரும்பி வருதுன்னு பாத்து மெஷின் நம்பர் போடும். கொழந்தைக்கு உடம்பு மெல்லிசா இருக்கிறதால மேலாக்கவே பாத்துடலாம்."

பாண்டியன் அசந்துபோனான். இத்தனை வருஷமாக எத்தனை ஆயிரம் பல்பு மாட்டியிருப்பான். எல்லாம் வெளியே எரிந்ததுதான். ஊசி இல்லை, கத்தி இல்லை, ஒரு விளக்கு உள்ளே போய் நலம் விசாரித்துவிட்டு வருகிறதே என்று காந்தாவுக்கு போன் போட்டு அரைமணி நேரம் சொன்னான்.

ஆனால் அவனுக்கு ஒன்றுமட்டும் பிடிக்கவில்லை. வருகிற டாக்டர் எல்லாம் மெஷினைப் பார்த்து "சூப்பர்" என்றார்கள். படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக வந்து, குழந்தையின் வயிற்றையே பார்த்து, "பிரமாதமா இருக்குது" என்றார்கள். இப்படி வாய்க்கு வாய் புகழ்ந்தால் ஒரு ஈரல் தாங்குமா? கன்னத்தில் ஒரு பொட்டு வைக்கலாம் என்றால், ஏற்கெனவே இருந்த பொட்டையே அறுவைக்கு முன்பு துடைத்து எடுத்துவிட்டார்கள். இங்கே மை கூடவே கூடாது என்று ரேவதியிடம் கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். அவளும் மை டப்பாவைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

பாண்டியன் அந்தப் பையிலிருந்து டப்பாவை எடுத்தான். மறுநாள் காலை ஷாரோன் பக்கத்துக் கட்டிலுக்குப் போன நேரம் பார்த்து, கையை நன்றாகக் கழுவிக்கொண்டான், அதில் குறை சொல்ல முடியாது. கன்னத்தில் வைத்தால் துடைத்துவிடுவார்கள். யாரும் துடைக்காத இடம் ஒன்று இருந்தது. வியர்வையில் ஓரம் எழும்பியிருந்த அந்தப் பட்டையை மெல்லத் தூக்கி, அடியில், ஈரலுக்கு நேராக, கெட்டியாக ஒரு பொட்டு வைத்து, மறுபடி அழுத்தி ஒட்டிவிட்டு, நிம்மதியாக வெளியே வந்தான்.

வராந்தாவில் காபியை வாயில் வைப்பதற்குள் உள்ளே மணி அடித்தது. நர்ஸுகள் ஓடினார்கள். பெரிய டாக்டர் வேகமாக வந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஷாரோன் வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நம்பர் சடார்னு கொறஞ்சிடுச்சு. ரத்தக்கொழாய் அடைச்சிருக்குமோன்னு சந்தேகப்படறாங்க. ஸ்கேன் மெஷின் வருது. தியேட்டர ரெடி பண்ணச் சொல்லிட்டாங்க, மறுபடியும் தொறந்து பாக்க வேண்டி வரலாம்."

ரேவதி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பிரேம்நாத் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாண்டியனுக்கு முதலில், புகழ்ந்தார்களே, கண் பட்டுவிட்டதே என்றுதான் தோன்றியது. அடுத்த கணம் பட்டைக்கு அடியில் வைத்த மை நினைவுக்கு வந்தது. வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும் என்றாளே இந்தப் பெண். கரி படிந்த பல்பு எப்படி எரியும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா?

சொன்னால் மானம் போகும். அது போகட்டும். ஆனால் நிஜமாகவே குழாய் அடைத்திருந்து, இவன் பேச்சைக் கேட்டு டாக்டர்கள் தாமதித்துவிட்டால்? சொல்லாமல் இருந்து, ஒன்றுமில்லாத வயிற்றைத் திரும்பக் கிழித்துவிட்டால்? எழுந்து போய்க் கதவைத் தட்டினான்.

"சார், பட்டைக்குக் கீழ மை வெச்சிருக்கேன் சார். திருஷ்டிக்கு. நான்தான் வெச்சேன். அதனாலயான்னு எனக்குத் தெரியாது. நீங்க பாக்க வேண்டியத நிறுத்தாதீங்க, ஆனா அதத் தொடச்சிட்டுப் பாருங்க."

டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போனார். பட்டையை உரித்து, மையைத் துடைத்து, புதுப் பட்டை ஒட்டினார்கள். எண் நிதானமாக ஏறிப் பழைய இடத்தில் போய் நின்றது. ஸ்கேனிலும் ரத்தம் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் இன்றைக்குப் பால்வாடியில் மற்ற பிள்ளைகளைக் கிள்ளிவைத்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

கவலை அன்றைக்குப் பாண்டியனுக்குத்தான். குழந்தைக்கு நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து கொடுத்திருக்கிற நேரத்தில் அழுக்கு மையைக் கொண்டுவந்து வைப்பதா என்று டாக்டர் வறுத்தெடுத்தார். பாண்டியன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். இனி கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு அவர் போனார். போகும்போது நின்று, "சொன்னீங்களே, அது நல்லது," என்றார்.

பிரேம்நாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "ஊருக்கெல்லாம் லைட்டு போடற ஆளு, என் பொண்ணு வயித்துல கரண்ட்ட கட் பண்ணிட்டியே மச்சான்."

ரேவதி சிரிக்கவில்லை. எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"அந்த டப்பாவக் குடுண்ணா."

குப்பையில் போடப்போகிறாள் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தான். அவள் மூடியைத் திறந்து விரலில் மையைத் தொட்டாள்.

"சட்டையத் தூக்கு."

"இன்னாமா நீ, எல்லாரும் பாக்கறாங்கோ."

"தூக்குண்ணா."

தூக்கினான். கட்டுத் துணியிலிருந்து நன்றாகத் தள்ளி, விலா எலும்புக்குப் பக்கத்தில், அவள் ஒரு பொட்டு வைத்தாள்.

"வந்ததுல இருந்து எல்லாரும் அவ வயித்தையே பாத்துக்கினு இருந்தோம்," என்றாள். "இங்க ஒரு வயிறு கிழிஞ்சி கெடக்குதுன்னு நான்கூட ஒரு வார்த்த கேக்கல. வலிக்குதாண்ணா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். மை அழிந்துவிடக் கூடாதே என்று சட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தான்.