பதினொரு அன்னங்கள்: ஒரு திருத்தம்

இங்கே ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகருக்கு வடக்கே, சோளம் வெட்டிய வயலில் பதினொரு அன்னங்கள் படுத்திருந்ததைப் பேருந்திலிருந்து பார்த்தேன் என்று போன கிழமை இங்கே எழுதியிருந்தேன்.

அதை வாசித்த சுகந்தி அக்கா, இரண்டு மாதத்தில் தனக்குக் கிடைத்த ஒரே ஓய்வு ஞாயிறை அன்னங்களுக்கு ஒதுக்கிவிட்டார். அவர் இருக்கும் டோர்ட்மண்டில் யாரிடமோ கமெராவும் இரவல் வாங்கியாயிற்று.

அவர் வருவதற்குள் இடத்தைச் சரியாகப் பார்த்து வைக்கலாம் என்று இன்று மத்தியானம் அந்த வயலோரத்து நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

கிட்டப் போகப் போக ஒன்றும் பறக்கவில்லை. ஒன்றுக்கும் கழுத்தும் இல்லை. மாடுகளுக்கான புல்லை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்த உருண்டைகள். எண்ணிக்கை மட்டும் சரி.

அங்கேயே நின்று அவருக்கு ஃபோன் செய்தேன்.

"அக்கா, வர வேண்டாம். அது அன்னமில்லை, புல்லுக்கட்டு."

"எடியே, நான் வேலையிடத்தில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்! வேற ஒண்டும் இல்லையோ அங்க?"

அப்போதுதான் கவனித்தேன். கடைசி உருண்டையின் மறைவில், காற்றுப் படாத பக்கத்தில், ஒரு காட்டு முயல் காதுகளை முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தது.

"ஒரு முயல் இருக்கு" என்றேன், மெதுவாக.

"ஓம், அது ஒண்டே காணும். ஞாயிறு வரைக்கும் அதை அசையாம இருக்கச் சொல்லு. நான் வாறன்."

கால் விறைக்கும்வரை நானும் முயலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல மத்தியானம்.

அந்தப் பதிவுக்கு 'அருமை' என்று எழுதிய நண்பர்களே, உங்களில் இரண்டு பேர் தினமும் அதே பேருந்தில்தான் போகிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?