கழற்றாத பல்செட்டு

என் வீட்டுக்காரர் பல்செட்டு மாட்டிய நாளிலிருந்து அதை ராத்திரியில்கூடக் கழற்றியதில்லை. படுக்கும் முன் கழற்றித் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும், ஈறுக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். இவர் கேட்டால்தானே. பொண்டாட்டி முன்னால் பொக்கைவாயோடு இருந்தால் மரியாதை போய்விடுமாம்.

நாளாக ஆக அந்த மரியாதை நாற ஆரம்பித்தது. நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பிறகு மேலண்ணம் செக்கச்செவேலென்று சிவந்து, ரசம் பட்டாலே எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கும்போது இவருக்குச் சிறுமலை வாழைப்பழத்தை மசித்துக்கொண்டிருந்தேன். இவரோ பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, "எம்பொஞ்சாதி காரத்த அள்ளிக் கொட்டியே வாயப் புண்ணாக்கிட்டா" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

எங்கள் ஊர் ஆத்தூரிலிருந்து பஸ் ஏற்றித் திண்டுக்கல்லுக்கு நான்தான் இழுத்துப்போனேன். டாக்டர் செட்டைக் கழற்றி வாங்கினார். அதன் அடியில் முந்தின நாள் கீரை ஒட்டியிருந்தது. அவர் இவரை ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏம்மா, ராத்திரி நீங்க கழட்டிக் கழுவி வைக்கக் கூடாதா?"

"அவுக வேட்டிய நாந்தான் தொவைக்கிறேன். தின்ன தட்ட நாந்தான் கழுவுறேன். வாயையும் நாந்தான் கழுவணுமா டாக்டர்?"

இவர் என்னை ஏசுவதற்கு வாயைத் திறந்தார். பல்லெல்லாம் டாக்டர் கையில் இருந்ததால் வெறும் காற்றுதான் வந்தது.

கலியாணமானதிலிருந்து இவர் பேசியதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.