என் தங்கை உட்கார்ந்த இடம்

“ஊட்லயே நீ ஒருத்திதான் காலேஜ் பாத்தவ. கூடப் பொறந்தவள ஒரு எடத்துல குந்த வெக்க முடில. பட்ச்சி இன்னா புண்ணியம்?”

குழாயடியில் பக்கத்து வீட்டு மேரி அக்கா இப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்ற பெருமை எனக்கு நிறையவே உண்டு. ஆனாலும் அன்று பாதி நிரம்பிய குடத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

என் தங்கை ஜெசிக்கு ஆட்டிசம். பதினேழு வயது. பேச்சு இல்லை. திருவொற்றியூரில் எங்கள் வாசலைத் தாண்டினால் கன்டெய்னர் லாரிகள் போகும் சாலை. ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள், லாரிக்கு எதிரேகூட. பிடித்தால் தன் கையையே கடித்துக்கொள்வாள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, அம்மா மீன் விற்கிறார். அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நான் கல்லூரிக்குப் போனேன். இதைச் சொல்லக் கூசுகிறது.

பேச்சைக் கொடும் என்று வருடக்கணக்கில் ஜெபித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவளை வெளியூர் இல்லம் ஒன்றில் விட்டுவிட முடிவெடுத்தோம். விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் கையாலேயே நிரப்பினேன். படித்த படிப்பையே வெறுத்தேன்.

போன கல்லறைத் திருநாளுக்கு முந்திய நாள், தாத்தாவின் கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போனோம். வாளியில் தண்ணீர் பிடித்துவிட்டுத் திரும்பினால் ஜெசியைக் காணோம். வெளியே லாரிச் சத்தம். அம்மா மார்பில் அடித்துக்கொண்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை. “ஆண்டவரே, அவள் பேசவே வேண்டாம். எங்கேயாவது உட்கார வையும்” என்று மட்டும் கேட்டேன்.

கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் லூர்து அண்ணன் குரல் கொடுத்தார்.

“இன்னாத்துக்குக் கூவினு கீறீங்கோ? பாப்பா இங்கதான் குந்தினு கீது. களை புடுங்க வந்த என்னியே கிட்ட வுட மாட்டேங்குது!”

யாரும் வராத ஒரு கல்லறை. அதன் ஓரம் ஜெசி ஈரமண்ணை விரல்களால் நசுக்கி நசுக்கி உதிர்த்துக்கொண்டிருந்தாள். ஹாரன் அடித்தது. அவள் நிமிரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் என் படபடப்பும் அடங்கியது.

விண்ணப்பத்தை அனுப்பவில்லை. மொட்டைமாடியில் பெயின்ட் வாளிகளில் மண் நிரப்பிக் கீரை விதைத்தோம். தினமும் அதே குவளை, அதே வரிசை. அவள் தண்ணீர் ஊற்றும்போது நான் பேசுவதில்லை. அவள் தொடுவதையே நானும் தொடுகிறேன்.

இன்றும் அவள் பேசவில்லை. சில நாள் கடிக்கிறாள். அந்த நாட்களில் எனக்குப் பழைய இருட்டு திரும்பி வருகிறது. ஆனாலும் காலையில் அரை மணி நேரம் அவள் அமைதியாக இருக்கிறாள். அதற்கே நன்றி சொல்லி முடியவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஜெபத்தை விடாதீர்கள். சனிக்கிழமை காலை அழைத்தும் வாருங்கள். இந்தப் பிள்ளைகள் தோட்டம் போட, கோயில் மதிலோர இடத்தைப் பங்குத்தந்தையிடம் கேட்டு வாங்கிவிட்டேன். நேற்று செம்மண் வந்து இறங்கிவிட்டது.